பட்டாணியும் அஃகஃகா ஃபூவும்

மார்ச் 3, செவ்வாய்

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். கேட்கத்தான் ஆளில்லை.

அக்கா மகள் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிடுவாள் என்றேன். விட்டாள். வீட்டில் உட்கார்ந்து கதைப் புத்தகம் மொழிபெயர்ப்பாள் என்றேன். மொழிபெயர்க்கிறாள். இரண்டையும் அவள் செய்த பிறகுதான் நான் சொன்னேன் என்று அக்கா சொல்கிறாள். உள்ளூர் மாடு விலை போகாது என்பது சும்மாவா?

இன்று வேலை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். போவதென்ன, என் கதவைத் திறந்தால் எதிர்க்கதவு. மேஜை முழுக்கத் தாள், கத்தரிக்கோல், பசை.

"என்னடி குட்டி பண்றே?"

"மாங்கா, மாமா. மொழிபெயர்க்கிறேன்."

"மாங்காயை எதுக்குடி மொழிபெயர்க்கணும்? உப்பு போதுமே."

"ஐயோ மாமா, ஜப்பான்ல படக்கதைக்கு அதான் பேரு."

"தெரியும். உனக்குத் தெரியுமான்னு சோதிச்சேன்."

அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது: "ஒரு மாங்கா மடையன் போதாதுன்னு வீட்டுல இன்னொரு மாங்கா!" யாரைச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பதிப்பகம் இந்தப் புத்தகத்தை ஏற்றுக்கொண்டால் அடுத்தடுத்த பாகங்களும் குட்டிக்கே. ஏற்காவிட்டால் அவள் மறுபடி இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கே போக வேண்டும். அக்காவுக்கும் அவளுக்கும் ஒப்பந்தம். மேனேஜர் அந்த நாற்காலியை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறாராம். நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிற மனிதரைக் கண்டாலே எனக்கு ஆகாது. உட்காரத்தானே நாற்காலி?

மார்ச் 4, புதன்

இன்று காலை வேலை இல்லை. வீடு மாற்ற வேண்டியவர்கள் மனம் மாறிவிட்டார்கள். (வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் எங்கள் கம்பெனியில் நான்தான் மேஸ்திரி. நான் கை வைக்காமல் இந்த ஊரில் ஒரு பீரோ படி இறங்கியதில்லை.)

குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை எடுத்துவந்து ஒரே மூச்சில் படித்தேன். ஜப்பான் புத்தகத்தின் மேலேயே, பேச்சு வருகிற வெள்ளை வட்டங்களில், தமிழைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கதாநாயகி பெயர் பட்டாணி. மூலத்திலும் அதே அர்த்தமாம். ஆள் அந்த அளவுதான். கோலைச் சுழற்றி ஒரு மந்திரம் சொன்னால் மேலங்கியும் தொப்பியுமாக மாயப் பெண் ஆகிவிடுவாள்.

என்ன கதை! ஆரம்பத்திலேயே ஊர் கூடிக் கை தட்டுகிறது. ஊரையே கொட்டாவி விடவைத்துச் சிரிப்பைத் திருடும் கொட்டாவி ராஜா, போர்வைக்குள் குழந்தை மாதிரித் தூங்குகிறான். அதற்கப்புறம்தான் சரிவு. ராஜா எழுந்துகொள்கிறான். பட்டாணி அடிமேல் அடி வாங்குகிறாள். மேலங்கி போகிறது. கோல் போகிறது. கூடவே இருந்த பேசும் ஆமைக்கு அவள் யாரென்றே தெரியாமல் போகிறது. கடைசிப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத சாதாரணப் பெண்ணாக, ஒரு காலில் மட்டும் காலுறையோடு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிறாள். முகத்தில் என்ன தெளிவு!

பட்டம், பதவி, புகழ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துறந்த மகாத்மா. எட்டாம் வகுப்பை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; ஆனால் நல்ல கதை எது என்று எனக்குத் தெரியாதா?

கண் கலங்கியது. அட்டைப்பெட்டித் தூசி.

மத்தியானம் வண்டியில் டிரைவருக்கு முழுக்கதையும் சொன்னேன். சிக்னலில் பச்சை விழுந்தும் அவன் வண்டியை எடுக்கவில்லை. "அண்ணே, அது பொண்ணு இல்லண்ணே. சாமியார்ண்ணே" என்றான்.

மார்ச் 5, வியாழன்

குட்டி கேட்டாள், "மாமா, எந்தப் பக்கத்துல இருந்து படிச்சீங்க?"

"எந்தப் பக்கத்துல இருந்து படிப்பாங்க? முதல் பக்கத்துல இருந்து."

"ஜப்பான் புத்தகம் வலப்பக்கம் ஆரம்பிக்கும் மாமா. நீங்க கடைசியிலிருந்து படிச்சிருக்கீங்க."

ஒரு கணம்தான். நான் அசரவில்லை. "குட்டி, வண்டியில கடைசியா ஏத்தின சாமான்தான் முதல்ல இறங்கும். எங்க தொழில்ல எல்லாமே அப்படித்தான்."

அவள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, விக்கல் வந்துவிட்டது. வேலையை விட்டபிறகு அவள் இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. ஆகவே வேண்டுமென்றேதான் பின்னாலிருந்து படித்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

வலப்பக்கத்திலிருந்தும் படித்துப் பார்த்தேன். அப்படியும் நன்றாகவே இருக்கிறது. தலைகீழாக வைத்தாலும் உடையாத சாமான்தான் நல்ல சாமான்.

டிரைவரிடம் சொல்லவில்லை. அவன் கதை அவனிடம் இருக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

பட்டாணியைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். எழுதாவிட்டால் நெஞ்சு தாங்காது.

மாயசக்தி கிடைத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவார்கள். இவள் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தொலைந்துபோன ஒற்றைக் காலுறையைத் தேடிப் புறப்படுகிறாள். ஓர் அத்தியாயம் முழுக்க அதுதான். பறக்கும்போது மேலங்கி கதவில் மாட்டிக்கொள்கிறது. கதவோடு பறக்கிறாள். கீழே கதவு இல்லாத வீட்டுக்காரர் கத்துகிறார். இவள் மேலேயிருந்து "காத்து நல்லா வருதா?" என்று கேட்கிறாள்.

ஜெயிப்பதற்கு முன்பே ஜெயித்துவிட்டேன் என்று அறிவித்துவிடுவாள். அப்புறம் தோற்பாள். அப்புறம், அறிவித்துவிட்டோமே என்பதற்காகவே எப்படியாவது ஜெயிப்பாள். இந்த நுணுக்கம் எல்லாருக்கும் புரியாது. எனக்குப் புரிகிறது.

கொட்டாவி ராஜாவை எப்படித் தோற்கடித்தாள்? அடிக்கவில்லை. அவனுக்குப் பல வருடமாகத் தூக்கமே இல்லை என்று கண்டுபிடித்து, மெத்தை போட்டு, போர்த்தி, விளக்கை அணைத்தாள். அவ்வளவுதான். மெத்தை தூக்குவதில் இருக்கும் வீரத்தை உலகத்தில் ஒரே ஓர் எழுத்தாளர் புரிந்துகொண்டிருக்கிறார். அவர் ஜப்பானில் இருக்கிறார். மெத்தைக்குக் கைப்பிடி கிடையாது. வழுக்கும், மடங்கும், மாடிப்படித் திருப்பத்தில் ஆளையே விழுங்கும். பட்டாணி தனியாகத் தூக்கினாள். நானும் தூக்கியிருக்கிறேன். எங்கள் இருவரைத் தவிர வேறு யாருமில்லை.

மார்ச் 12, வியாழன்

பதிப்பக அம்மா போன் செய்தார். குட்டி போனை மேஜையில் வைத்துப் பேசினாள்; எனக்கும் கேட்டது.

"தப்பே இல்லம்மா. ஒரு பிழை இல்ல. ஆனா உங்க பட்டாணி ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி பேசறா. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். அப்பவும் சரியா வரலேன்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்."

குட்டி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்தாள். உள்ளே போய்க் குட்டியின் ஆபீஸ் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அந்த இஸ்திரிப்பெட்டிச் சத்தம்... திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 13, வெள்ளி

வேலைக்கு லீவு போட்டேன். கம்பெனியே நின்றுபோயிருக்கும், பாவம்.

"படி, பார்க்கலாம்" என்றேன். படித்தாள்: "தீயவனே, உன் செயலை உடனே கைவிடு. இல்லையேல் விளைவுகளைச் சந்திப்பாய்."

"இதுக்குக் கீழே கையெழுத்தும் முத்திரையும் எங்கே?"

"அப்ப நீங்க சொல்லுங்க!"

"டேய் கொட்டாவி! வாயை மூடு, ஈ நுழையும்! இப்ப நான் இறங்கி வந்தேன்னு வை... கொஞ்சம் இரு, மேலங்கி மாட்டிக்கிச்சு... வந்தேன்னு வை, அவ்வளவுதான் நீ!"

பேனாவை எடுத்தவள் வைக்கவே இல்லை. அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். பட்டாணி கூரையிலிருந்து விழும் இடத்தில் குட்டி, "வலிக்கவில்லை, நான் நலம்" என்று எழுதியிருந்தாள். நான் அடித்துவிட்டு, "விழலை. தரை கெட்டியா இருக்கான்னு சோதிச்சேன்" என்று போடச் சொன்னேன். பட்டாணிக்கு என் வாயை எடுத்து ஒட்டியாகிவிட்டது. கச்சிதமாகப் பொருந்துகிறது.

கடைசியாக மந்திரம். மூலத்தில் உள்ளதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இருமல் மருந்தின் பெயர் மாதிரி வருகிறது. குட்டி எழுதியிருந்தது: "உருமாற்றமே, என்னிடம் வருக!" அது மந்திரமா, விண்ணப்பமா?

நான் கண்ணை மூடினேன். அறையே அடங்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சொல் எழுந்தது.

"அஃகஃகா... ஃபூ!"

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை!"

"அஃகஃகா ஃபூ. ஒரு வித்தைக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரு காலத்துல மேடையில பெரிய ஆளு. வீடு மாத்தப் போனப்போ பழக்கம். அவர் பெட்டியைத் திறந்தா புறா. இந்தச் சொல்லைச் சொன்னா ஆளே மறைஞ்சிடும்."

"யாரு மறைவா?"

"எதிர்ல நிக்கிறவன்."

குட்டி திடீரென்று படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மாமா! கோல் நுனியைப் பாருங்க. மூணு மணி. மேல ஒண்ணு, கீழ ரெண்டு. அக்கன்னா மாதிரியே இருக்கு! ஆயுத எழுத்து மாமா! அவ ஆயுதமே எழுத்துதான்!"

"பின்னே? அந்த வித்தைக்காரருக்கே நெத்தியில அப்படி மூணு மச்சம் இருந்துச்சு."

பன்னிரண்டு உயிரெழுத்தோடும் பதினெட்டு மெய்யெழுத்தோடும் எனக்குப் பெரிய பழக்கமில்லை. ஆனால் அந்தத் தனி எழுத்தைப் பள்ளிக்கூடத்திலேயே பிடிக்கும். எந்தக் கும்பலிலும் சேராமல் ஓரமாக நிற்கும்.

மார்ச் 14, சனி

இன்று ஒரு பியானோவை நான் ஒருவனாகவே மாடிக்கு ஏற்றினேன். மற்றவர்களும் பிடித்திருந்தார்கள்.

மார்ச் 20, வெள்ளி

அனுப்பிவிட்டாள். அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். கதவோடு பறக்கும் இடத்தில் சிரிப்பை அடக்கினாள். தரையைச் சோதிக்கும் இடத்தில் அடக்க முடியவில்லை. "இது அப்படியே இவன்தாண்டி!" என்று என்னைக் கைகாட்டிச் சிரித்தாள். சட்டைக் காலர் தீய்ந்துவிட்டது. நல்ல சகுனம்.

மார்ச் 27, வெள்ளி

ஜெயித்தாயிற்று! பதிப்பக அம்மா போனில் சொன்னது: "இப்பத்தான்மா அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா. ஆபீஸ்ல எல்லாரும் அஃகஃகா ஃபூன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க." அடுத்த பாகங்களும் குட்டிக்கே. அக்கா தீய்ந்த சட்டையைத் துடைக்கும் துணியாக்கிவிட்டாள். மேனேஜர் நாற்காலியில் வேறு யாரையாவது உட்காரவைத்துக்கொள்ளட்டும்.

நான் சொன்னேனா இல்லையா?

பிறகு அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார். புத்தகத்தின் பின்னால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு வருமாம். அதில் அந்த வித்தைக்காரரைப் பற்றி நாலு வரி. முடிந்தால் ஒரு போட்டோ.

போட்டோ.

மார்ச் 28, சனி

டிரைவரை அழைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். சாமான் சுற்றும் கம்பளியை அவன் தோளில் போட்டேன். தலையில் ஒரு திரைச்சீலை. நெற்றியில் மூன்று மச்சம். பெட்டி மேல் "கண்ணாடி, கவனம்" என்று எழுதும் மார்க்கரால் வைத்தேன்.

"அண்ணே, எதுக்குண்ணே இது?"

"கலைக்காக."

படம் அருமையாக வந்தது. பழைய மாதிரி தெரியவேண்டுமென்று டீயில் நனைத்துக் காயவைத்தேன். மார்க்கர்தான் அழியவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், வண்டிக்குப் போடும் கிரீஸ் எதற்கும் மசியவில்லை. சாயங்காலம் போன் செய்தான். "அண்ணே, வீட்டுல அவ என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாண்ணே. கல்யாணத்துக்கப்புறம் இன்னிக்குத்தாண்ணே சிரிக்கிறா." நல்லதுதானே செய்திருக்கிறேன்?

மார்ச் 29, ஞாயிறு

படத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். குட்டி குறிப்பை எழுதி முடித்திருந்தாள். படித்துக் காட்டினாள்: "இந்த மந்திரச் சொல், ஒரு மேடை வித்தைக்காரர் என் தாய்மாமாவுக்குக் கற்றுக்கொடுத்தது." கீழே அவள் பெயர். முழுப்பெயர். அச்சில் வரப்போகிற பெயர்.

"அந்தம்மா கேட்டாங்க மாமா, நிச்சயம்தானா, உங்க பேர்ல போடறோம், நாளைக்கு யாராவது விசாரிச்சா நீங்கதான் பதில் சொல்லணும்னு."

"நீ என்ன சொன்னே?"

"என் மாமா ஒண்ணை நூறாக்குவார். அது ஊருக்கே தெரியும். ஆனா பூஜ்யத்தை ஒண்ணாக்க மாட்டார்னு சொன்னேன்."

படத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையிலேயே வலிக்கிறது.

பூஜ்யம்.

சொன்னால் என்ன ஆகும்? வண்டியில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் போதும், மொத்தச் சுமையும் சரியும். கழன்ற சக்கரத்தை ஓடும் வண்டியிலேயே மாட்டினேன் என்றேனே, நாலாவது மாடியிலிருந்து விழுந்த தொட்டியை ஒரு கையால் பிடித்தேன் என்றேனே — எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பாள். தொட்டியாவது இருந்தது. பிடித்தது கீழே இருந்த மணல்மேடு. ஆனால் தொட்டி இருந்தது! இந்த ஆள்தான் இல்லவே இல்லை. ஏண்டா இப்படிச் செஞ்சே? அவ ஒருத்திதானே உன்னை நம்புறவ?

மார்ச் 30, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வித்தைக்காரர் இல்லை, புறா இல்லை, மச்சம் இல்லை. அன்றைக்கு நான் கண்ணை மூடி யோசிக்கவும் இல்லை. அக்கா கொடுத்த டீயை ஆற்றாமல் வாயில் ஊற்றிக்கொண்டேன். நாக்கு வெந்துவிட்டது. அப்போது வந்த சத்தம் அது. குட்டி பேனாவை எடுத்ததும், வெந்துபோச்சு என்று சொல்ல வெட்கமாயிருந்தது. இந்த நாட்குறிப்பிலும் கண்ணை மூடியதாகவே எழுதிவைத்திருக்கிறேன். பேனாவுக்கும் என் பழக்கம் தொற்றிவிட்டது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் அவங்ககிட்ட வாக்குக் கொடுத்தேன் மாமா."

"தெரியும்டி."

"உங்க கதை எல்லாத்தையும் சின்ன வயசுலயே கழிச்சுத்தான் கேப்பேன். நூறு சொன்னா ஒண்ணு. இது மட்டும்தான் கழிக்காம கேட்டேன். ஏன் தெரியுமா? இவ்வளவு அழகான சொல்லை நீங்க இட்டுக்கட்டியிருக்கவே முடியாதுன்னு நெனச்சேன்."

நான் எழுந்து கதவுவரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டாள்:

"அப்ப அந்தச் சொல் யாருது?"

"டீயோடது."

"டீ பேசுமா மாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி! வாழ்நாள் முழுக்கச் செய்யாததையெல்லாம் செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், நிஜமாகவே செய்த ஒன்றே ஒன்றைத் தூக்கி இல்லாத ஆளுக்குக் கொடுத்திருக்கிறேன்! பொய் சொல்லி நஷ்டப்பட்ட முதல் மனிதன் நான்தான்.

மார்ச் 31, செவ்வாய்

குட்டி பேசவில்லை. பதிப்பக அம்மாவுக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாளாம், அக்காதான் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "போட்டோ வேண்டாம். குறிப்பை மட்டும் மாத்தி அனுப்பும்மா" என்று மட்டும் சொன்னாராம்.

அடுத்த பாகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஏப்ரல் 2, வியாழன்

இரண்டாம் பாகம் தபாலில் வந்துவிட்டது! பொட்டலத்தின் மேல் குட்டியின் பெயர்.

கதவைத் தட்டினாள். கையில் புத்தகம். "இதுல பட்டாணிக்குப் பல்வலி மாமா. எப்படிப் பேசுவா?"

கன்னத்தில் கையை வைத்துக்கொண்டேன். ஆரம்பித்தோம்.

ஜூன் 20, சனி

புத்தகம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. கடைசிப் பக்கக் குறிப்பை நான் மனப்பாடமாகவே சொல்வேன்: "மந்திரச் சொல் என் தாய்மாமாவுடையது. வாய் வெந்து தந்தார்." அடுத்த வரியும் என்னை மனதில் வைத்து எழுதியதுதான்: "இந்தப் புத்தகத்தைப் பின்னாலிருந்தும் படிக்கலாம், அப்படிப் படித்து அழுதவர்கள் உண்டு."

இன்று ஒரு வீட்டைக் காலி செய்தோம். அந்த வீட்டுச் சின்னப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து பட்டாணி படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பெட்டியில் போட விடவில்லை. நாங்கள் பிரிட்ஜைப் பிடித்துத் திருப்பத்தில் திணறிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, கையை நீட்டி, "அஃகஃகா ஃபூ!" என்றாள். பிரிட்ஜ் திரும்பிவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"அந்த மந்திரம் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதே பாப்பா."

"ஒரு மாமாவுக்கு வாய் வெந்துபோச்சு. அதான் வந்துச்சு."

"அப்படியா! அந்த மாமா ரொம்பக் கெட்டிக்காரரா இருப்பாரு போல."

"இல்ல. அவர் ஊதிக் குடிச்சிருக்கணும்."

புன்னகை செய்துவிட்டு, யாரென்று காட்டிக்கொள்ளாமல் பிரிட்ஜோடு இறங்கிப் போய்விட்டேன். பெருந்தன்மை என்பது அதுதான்.

இல்லை, குட்டி என்றாவது இதைப் படித்தால் இந்த இடத்தில் கழிப்பாள். நானே கழித்துவிடுகிறேன். மற்றதெல்லாம் நடந்தது, இதற்கு முந்தின பத்தி மட்டும் புளுகு. பிரிட்ஜைப் படியிலேயே இறக்கிவைத்துவிட்டு, நான்தான் அந்த மாமா என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நாக்கை நீட்டிக் காட்டினேன்.